மலையில் குளிர்கிறது, அவிசாவளையில் அனல் வீசுகிறது: கார் ஏசியின் கோளாறு எங்கே இருக்கிறது?

ஹற்றன் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஹற்றனுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். என்னிடம் இருப்பது 2012 ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட 1000 சிசி ஜப்பானிய ரீகண்டிஷன் கார். அம்மாவுக்குக் கொழும்பில் மாதம் ஒருமுறை கிளினிக் இருப்பதால், விடியுமுன் புறப்பட்டு வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை வழியாக இறங்கி, மாலையில் அதே வழியாகத் திரும்பி வருவேன். மற்ற நாட்களில் கார் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் மட்டுமே ஓடும். இங்குள்ள குளிரில் ஏசி போட வேண்டிய தேவையே வருவதில்லை.

ஹற்றனில் ஏசியைப் போட்டுப் பார்த்தால் குளிர் நன்றாக வருகிறது. கித்துல்கல வரையும் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறி, அவிசாவளை நகருக்குள் நெரிசலில் நிற்கத் தொடங்கினால்தான், காற்றின் வேகம் சிறிதும் குறையாமலேயே இரண்டு மூன்று நிமிடங்களில் குளிர் அற்றுப்போய், வெளிக்காற்றை விடச் சூடான காற்று முகத்தில் அடிக்கிறது. நெரிசல் விட்டு ஹங்வெல்லப் பக்கம் ஓடத் தொடங்கினால் சில வேளைகளில் குளிர் திரும்பி வருகிறது, சில வேளைகளில் வருவதில்லை. கிளினிக் முடியும் வரை கார் நிழலில் நின்றால், திரும்பும்போது முதல் பத்து நிமிடம் எந்தக் கோளாறும் இல்லாததைப் போல வேலை செய்கிறது.

இதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடந்த ஆண்டு இறுதியில் ஏசி எந்த இடத்திலும் சரியாகக் குளிராமல் இருந்தது. நகரிலுள்ள ஒரு கராஜில் காஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி, சிறிய டின் ஒன்றில் பாதியை அடித்தார்கள். நான்கு மாதம் நன்றாக இருந்தது. பிறகு கொழும்பு நெரிசலில் குளிர் மந்தமானதால் மறுபடியும் அங்கே கொண்டுபோனேன். அழுத்தமானியான கேஜைப் பொருத்திப் பார்த்துவிட்டு, அழுத்தம் இன்னும் குறைவாகவே இருக்கிறது என்று ஒரு முழு டின்னை அடித்தார்கள். இப்படித் திடீரென்று அடியோடு நின்றுபோவது அதன் பிறகுதான் தொடங்கியது. இப்போது காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்பிரஷரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம்.

அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. அவிசாவளையிலிருந்து கொழும்பு வரை பஸ் புகைக்கு நடுவே கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைக் கூட்டிச்செல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பிரஷரை மாற்றுவதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பண்டாரவளை வான் சாரதி:

டீச்சர், நான் வாடகைக்கு வான் ஓட்டுகிறவன். ஹப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை வழியாக இரத்தினபுரிக்கு இறங்கும்போது எனக்கும் ஏறக்குறைய இதே அனுபவம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டது. என் வானில் கோளாறு கம்பிரஷரின் கிளச்சில் இருந்தது.

கம்பிரஷரின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் புலி என்ற சக்கரம் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். ஏசியைப் போட்டதும் அதன் முன்னே இருக்கும் தட்டு காந்தத்தால் இழுபட்டு, டிக் என்ற ஓசையுடன் புலியோடு ஒட்டிச் சுழல வேண்டும். தட்டுக்கும் புலிக்கும் இடையிலுள்ள இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீற்றருக்குள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து அது அகன்றுவிட்டால், குளிர்ந்த நிலையில் காந்தம் தட்டை எப்படியோ இழுத்துக்கொள்ளும். இரண்டு மணித்தியாலம் ஓடி என்ஜின் அறை சூடேறிய பின் கம்பிச்சுருளின் மின்தடை கூடி, காந்தம் வலுவிழந்து, தட்டை இழுக்க முடியாமல் விட்டுவிடும். ஆறவிட்டால் மீண்டும் இழுக்கும். என் வானில் தட்டுக்குப் பின்னால் இருந்த மெல்லிய வாஷர் ஒன்றைக் கழற்றியதோடு இடைவெளி சரியானது. செலவு கூலி மட்டும்தான்.

குளிர் நின்ற அந்த நேரத்திலேயே, என்ஜினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போது, பொனட்டைத் திறந்து அந்தத் தட்டு சுழல்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கையையோ சேலைத் தலைப்பையோ கொண்டுபோக வேண்டாம்.

கம்பளை வாசகர்:

எனக்கு, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகமான இவாப்பரேட்டரில் பனி படிவதாகத் தோன்றுகிறது. உள்ளே பனி கட்டிக்கொண்டால் காற்றுப் போக வழியில்லாமல் குளிர் நின்றுவிடும். சிறிது நேரம் ஏசியை அணைத்து வைத்தால் பனி உருகி மறுபடியும் சரியாகும். நிழலில் நிறுத்திய பின் நன்றாக வேலை செய்கிறது என்று டீச்சர் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது அல்லவா?

நானுஓயா மெக்கானிக்:

டீச்சர், நான் நானுஓயாவில் ஒரு சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் கொழும்பில் வாகன ஏசி வேலையை மட்டுமே செய்தேன். இரண்டு இடத்து வெப்பத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கம்பிரஷரை மாற்றுவதற்கு இன்னும் அவசியம் வரவில்லை, இப்போதைக்கு யாரையும் மேலும் காஸ் அடிக்கவும் விடாதீர்கள்.

முதலில் பனிக்கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இவாப்பரேட்டரில் பனி படிந்தால் முதலில் குறைவது காற்றின் வேகம். காற்றை உள்ளே ஊதும் பிளோவர் இரைச்சலிடும், காற்று வராது. டீச்சரின் காரில் காற்று குறையவே இல்லை என்பதால் அந்தக் காரணத்தைத் தள்ளிவைக்கலாம். பண்டாரவளைத் தம்பி சொன்ன கிளச் இடைவெளி அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. அதை எப்படிப் பிரித்தறிவது என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. நெரிசலில் நின்றால் குளிர் போகிறது, ஓடினால் சில வேளை வருகிறது என்பது ஒன்று. ஒரு முழு டின் அடித்த பிறகுதான் முற்றாக நிற்கத் தொடங்கியது என்பது மற்றது.

காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவதுதான் ஏசி செய்யும் வேலை. கொட்டுகிற இடம் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர். அதன் ஊடாகக் காற்று ஓடினால்தான் உள்ளே அழுத்தப்பட்டுச் சூடாக வரும் காஸ் ஆறித் திரவமாகும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்கிறது; நிற்கும்போது விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி நின்றுவிட்டால் காஸ் திரவமாக முடியாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அது பொதுவாக 450 பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவைத் தொட்டதும், குழாய் வெடிக்காமலும் கம்பிரஷர் கெடாமலும் காக்கும் அழுத்தச் சுவிட்ச் கிளச்சுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அப்போது உங்களுக்குச் சூடான காற்று வரும். காப்புச் சுவிட்ச் தன் கடமையைச் செய்ததைப் பார்த்துவிட்டுக் கம்பிரஷர் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு.

இந்தக் கோளாறு மலையில் தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1000 மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை 6 முதல் 7 பாகை வரை குறைகிறது. ஹற்றன் சுமார் 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவிசாவளையோ கடல் மட்டத்தை ஒட்டியது போன்ற தாழ்நிலம். ஒரே பகலில் நீங்கள் 8 பாகைக்கு மேல் வெப்பத்துக்குள் இறங்குகிறீர்கள். ஹற்றனில் விசிறி ஓடாவிட்டாலும் குளிர்ந்த காற்றே கண்டன்சரை ஆற்றிவிடும். ஆகையால் ஹற்றன் கராஜில் கார் நிற்கும்போது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மலைநாட்டில் எத்தனையோ கார்களின் கண்டன்சர் விசிறிகள் மாதக்கணக்கில் நின்றுபோய் இருக்கின்றன. உரிமையாளர் கொழும்புக்கு இறங்கும் நாள் வரை அது யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்தது காஸ். இதுதான் எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் விஷயம். உங்கள் காரில் இருக்கக்கூடிய ஆர் 134ஏ காஸின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே அமையும். என்ஜினை அணைத்து இரவு முழுவதும் நிறுத்திய காரில் கேஜைப் பொருத்தினால், வெளியே 20 பாகை இருக்கும்போது ஏறத்தாழ 70 பிஎஸ்ஐ காட்டும். 30 பாகை இருக்கும்போது ஏறத்தாழ 97 காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும், சிறிதளவாவது திரவமாக இருக்கும் வரை அந்த எண் மாறாது. ஓடும்போதும் இப்படித்தான். கொழும்பு வெயிலில் உயர் அழுத்தப் பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் போவது இயல்பு. ஹற்றனின் காலைக் குளிரில் அதே கார், அதே அளவு காஸுடன், 150 ஐத் தொடாமலும் இருக்கும். கொழும்பில் வேலை பழகிய ஒருவர் இங்கே வந்து கேஜைப் பார்த்தால் அழுத்தம் குறைவு என்றுதான் நினைப்பார். முள் தான் பழகிய இடத்துக்கு வரும் வரை அடித்துக்கொண்டே இருப்பார். அந்தக் கார் மலையில் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. கீழே இறங்கியதும் அளவுக்கு மீறிய திரவம் கண்டன்சரில் தேங்கி, ஆறுவதற்கு இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

உங்கள் காரின் பொனட்டைத் திறந்து உட்பக்கத்தில் அல்லது முன்சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைத் தேடிப் பாருங்கள். காஸின் வகையும், எத்தனை கிராம் நிரப்ப வேண்டும் என்பதும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். 1000 சிசி கார்களில் அது பெரும்பாலும் 300 முதல் 400 கிராமுக்குள் இருக்கும். கடைகளில் விற்கும் சிறிய டின் ஒன்றில் பொதுவாக 340 கிராம் இருக்கிறது. முழுவதும் காலியான காருக்கே ஏறக்குறைய ஒரு டின்தான் வேண்டும் என்றால், நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்த காருக்குள் ஒரு டின்னை இறக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் இருந்த காற்றை முதலில் வெளியேற்றாமல் அடித்திருந்தால் அந்தக் காற்றும் உள்ளே போயிருக்கும். காற்று திரவமாகாது, கண்டன்சரில் இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை மேலும் உயர்த்தும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த பயணத்தில் குளிர் நின்றதும் பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்தி, வாகனம் அறிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். கிளச் தட்டு சுழலாவிட்டால், கிளச்சுக்குப் போகும் வயரில் டெஸ்ட் லாம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தும் தட்டு ஒட்டாவிட்டால் தம்பி சொன்ன இடைவெளிதான் காரணம். விளக்கு எரியாவிட்டால் மேலே எங்கோ மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது. அழுத்தச் சுவிட்சையே முதலில் சந்தேகிக்க வேண்டும். முன்னால் இரண்டு விசிறிகள் இருந்தால் இரண்டும் சுழல்கின்றனவா என்பதையும் அந்த நேரத்திலேயே பாருங்கள். சில கார்களில் அழுத்தம் உயர்ந்தால்தான் இரண்டாவது விசிறி ஓடும் என்பதால், ஹற்றனில் அது நிற்பதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. மெல்லிய உலோகக் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கை வெந்துபோகும்.

ஹற்றன் டீச்சர்:

நானுஓயா ஐயாவுக்கும் பண்டாரவளை அண்ணாவுக்கும் மிக்க நன்றி. கம்பளை வாசகருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மின்சார வேலை தெரிந்த என் தம்பியையும் கூட்டிக்கொண்டு நேற்று இறங்கினேன்.

சீட்டு முன்சட்டத்தில் இருந்தது. ஆர் 134ஏ, 370 கிராம் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது.

அவிசாவளையில் வழக்கம்போல் குளிர் நின்றது. ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்தோம். கிளச் தட்டு சுழலவில்லை. டெஸ்ட் லாம்பும் எரியவில்லை. காரில் இரண்டு விசிறிகள் இருக்கின்றன. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மற்றது அசையவே இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு, தம்பி ஸ்குரூ டிரைவரின் பிடியால் அந்த விசிறி மோட்டரின் பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். மறுபடியும் ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும் விசிறி சுழன்றது; சில நிமிடங்களில் குளிரும் வந்தது. ஆனால் அங்கேயே ஓடவிட்டு நின்று பார்த்தபோது, இரண்டு விசிறிகளும் சுழன்றுகொண்டிருக்கும்போதே கால் மணித்தியாலத்தில் கிளச் மறுபடியும் விட்டுவிட்டது. இதன் பொருள் என்ன என்று சொல்ல முடியுமா?

நானுஓயா மெக்கானிக்:

டீச்சர், இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதும் வாடிக்கையாளர் கிடைத்தால் எங்கள் வேலை பாதியாகிவிடும்.

உங்கள் காரில் இருப்பது இரண்டு கோளாறுகள். தட்டியதும் ஓடும் விசிறி மோட்டரின் உள்ளே காபன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இன்றைக்குத் தட்டினால் ஓடும், அடுத்த மாதம் தட்டினாலும் ஓடாது. சென்ற முறை கொழும்பு நெரிசலில் குளிர் மந்தமானதற்கு உண்மையான காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். காஸ் சிறிதளவு குறைந்திருந்தாலும், விசிறியைப் பார்க்காமல் ஒரு முழு டின்னை அடித்துவிட்டார்கள். விசிறி ஓடும்போதும் கிளச் விடுவதற்குக் காரணம், மிகுதியாக ஏற்றப்பட்ட அந்தக் காஸும், கூடவே போயிருக்கக்கூடிய காற்றும்.

விசிறி மோட்டரை மாற்றுங்கள். புதிதாக வாங்க முடியாவிட்டால், கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்கள் விற்கும் கடைகளில் தேடலாம்; பற்றரியில் இணைத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். மாற்றும்போது கண்டன்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலுள்ள இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பாதைகளில் ஓடும் கார்களில் அங்கே பைனஸ் ஊசியிலையும் சேறும் அடைந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மெதுவான நீரால் கழுவ வேண்டும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப் போக வழியில்லாமல் போய்விடும்.

காஸைப் பொறுத்தவரை, கொஞ்சம் வெளியே விட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எவ்வளவு விட்டார்கள், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதோடு ஆர் 134ஏ ஓசோன் படலத்தைக் கெடுக்காவிட்டாலும், பூமியைச் சூடாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது; அதைக் காற்றில் திறந்துவிடுவது சரியான வேலை அல்ல. காஸை மீட்டெடுக்கும் இயந்திரமும் தராசும் உள்ள ஓரிடத்துக்குக் கொண்டுபோய், முழுவதையும் உறிஞ்சி எடுத்து நிறுத்துப் பார்த்து, வெற்றிடமாக்கி, கசிவு இல்லை என்று உறுதிசெய்த பின், சீட்டில் உள்ளபடி 370 கிராமை எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். வெற்றிடப் பம்ப் குறைந்தது அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். நம் பகுதியின் ஈரக் காற்று உள்ளே போயிருந்தால் அந்த ஈரம் கொதித்து வெளியேற நேரம் வேண்டும்.

வெற்றிடமாக்கும்போது நீங்கள் அருகில் நிற்பீர்கள் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கடற்கரையோரத்தில் வெற்றிடக் கேஜின் முள் பாதரச அளவில் 29 அங்குலத்துக்கு மேல் போகும். ஹற்றனில் காற்றழுத்தமே குறைவு என்பதால் முழு வெற்றிடம் ஆனாலும் முள் 25 அங்குலத்தைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். நுவரெலியாவில் 24 அளவிலேயே நின்றுவிடும். பம்ப் சரியில்லை என்றோ கசிவு இருக்கிறது என்றோ நினைத்துப் பயப்பட வேண்டாம். பம்பை நிறுத்திய பின் முள் அசையாமல் நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

முதன்முதலில் காஸ் ஏன் குறைந்தது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். காஸ் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் இருக்கும். குழாய் இணைப்புகள், கம்பிரஷரின் முன்பக்கம், காஸ் அடிக்கும் வால்வுகள், கண்டன்சரின் கல் பட்ட இடங்கள் ஆகியவற்றைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹற்றன் டீச்சர்:

எல்லாம் முடிந்தது. மூன்று வாரங்கள் பொறுத்திருந்து, ஒரு கொழும்புப் பயணமும் போய் வந்த பிறகே இதை எழுதுகிறேன்.

இயந்திரம் வைத்திருக்கும் வேறொரு கராஜில் காஸை உறிஞ்சி எடுத்தபோது தராசு 530 கிராம் காட்டியது. 370 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 160 கிராம் மிகுதியாக இருந்திருக்கிறது. அதை நானே பார்த்தேன். கம்பிரஷரை மாற்றச் சம்மதித்திருந்தால், என் சம்பளம் முழுவதையும் கொடுத்த பின்னும் விசிறி அப்படியே நின்றிருக்கும்.

கசிவையும் கண்டுபிடித்தார்கள். தாழ் அழுத்தப் பக்கத்து வால்வுக்கு மூடியே இல்லை. உள்ளே இருந்த சிறிய ஊசி வால்வில் சோப்பு நீரை விட்டதும் நீண்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு குமிழி எழுந்தது. முதல் முறை காஸ் அடித்த போதே மூடி இருந்ததா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. வால்வின் உட்பாகத்தை மாற்றி, ரப்பர் வளையம் உள்ள மூடியையும் போட்டார்கள். விசிறி மோட்டர் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. வெற்றிடமாக்கும்போது முள் 25 அங்குலத்தைச் சற்றுத் தாண்டி நின்றது. ஐயா முன்பே சொல்லியிருக்காவிட்டால் நான் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். பம்பை நிறுத்தி இருபது நிமிடம் பார்த்தோம். முள் அசையவில்லை.

கடந்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவிசாவளையில் நெரிசல். சமையலறை வெப்பமானி ஒன்றைக் காற்று வரும் துவாரத்தில் செருகி வைத்திருந்தேன். கார் நின்ற இடத்தில் நின்றபடியே 9 பாகை காட்டியது. ஓடும்போது 6 வரை இறங்கியது. அம்மா பின்னிருக்கையில் சால்வையைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார்.

பண்டாரவளை வான் சாரதி:

மனம் நிறைந்த மகிழ்ச்சி, டீச்சர். என் ஊகம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை. ஐயாவிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. குளிர்காலத்தில், குறிப்பாக மார்கழி, தை மாதங்களில், பண்டாரவளையில் ஏசியைத் தொடுவதே இல்லை. எரிபொருளும் மிச்சம் என்று இரண்டு மூன்று மாதம் அப்படியே விட்டுவிடுகிறோம். அதனால் ஏதாவது கெடுதல் உண்டா? அண்ணன் ஒரு ஹைபிரிட் கார் வாங்கப்போகிறார்; அதற்கும் இதே கணக்குத்தானா?

நானுஓயா மெக்கானிக்:

கெடுதல் உண்டு, தம்பி. கம்பிரஷரின் சுழல் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. காஸோடு கலந்து ஓடும் எண்ணெய்தான் அதை ஈரமாக வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் இருந்தால் சீல் உலர்ந்து, அந்த வழியாகக் காஸ் மெல்ல மெல்லக் கசியும். மலைநாட்டுக் கார்களின் ஏசி ஓடித் தேய்வதை விட ஓடாமல் கெடுவதே அதிகம் என்பது என் கண்ணால் கண்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது பத்து நிமிடம் போடுங்கள். குளிராக இருந்தால் ஹீட்டரையும் சேர்த்துப் போடலாம். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், மழையிலும் பனிமூட்டத்திலும் முன்கண்ணாடியில் படியும் ஈரப்படலம் ஒரு நிமிடத்தில் விலகும். வட்டவளை மழையில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நுவரெலியாவில் தை மாத விடியற்காலையில், 5 பாகைக்குக் கீழே குளிர் இறங்கும் நேரத்தில், கிளச் ஒட்டாமல் இருக்கலாம். பல கார்களில் அந்தக் குளிரில் கம்பிரஷர் ஓடாதபடி தடுத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பழுது என்று நினைத்துக் கராஜுக்குக் கொண்டுபோகாமல், வெயில் ஏறிய பின் சோதித்துப் பாருங்கள்.

ஹைபிரிட் கார் வேறு கணக்கு. அவற்றில் பெரும்பாலானவற்றின் கம்பிரஷர் பெல்ட்டால் ஓடுவதில்லை. உயர் மின்னழுத்த மின்சாரத்தால் ஓடுகிறது. மின்சுருள் காஸும் எண்ணெயும் ஓடும் இடத்துக்குள்ளேயே இருப்பதால், மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை எண்ணெய் அதற்கு வேண்டும். சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, கார் எச்சரிக்கை விளக்கைக் காட்டி நின்றுவிடலாம். பிறகு கம்பிரஷரை மட்டும் அல்ல, குழாய்கள் உட்பட எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். எண்ணெய் கலந்த சிறிய டின்களை அந்தக் காருக்குள் அடிக்கவே கூடாது. சாதாரணக் கார்களுக்குக் காஸ் அடிக்கப் பயன்படுத்திய குழாய்களையும் கழுவாமல் அதில் பொருத்தக் கூடாது. அண்ணன் வாங்கப்போகும் காருக்கு முன்பு யாராவது ஏசி வேலை செய்திருக்கிறார்களா, செய்திருந்தால் எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்பதை வாங்கும் முன் கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.